தொட்டிக்குள் தீவுகள்

மனித மூச்சுக்கு விலையே கிடையாது என்று சொல்கிறவர்கள் கடை வைத்துப் பிழைத்தவர்களாக இருக்க முடியாது. விலை உண்டு. அன்றைக்கு அதன் விலை இருபது போல்ட்.

நானும் அக்காவும் ஓர் இரும்புத் தொட்டிக்குள் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே வர ஒரே வழி, தொட்டியின் அடிவயிற்றில் ஆள் குனிந்து நுழைகிற மாதிரி இருந்த வட்ட வாசல். அதன் கனத்த மூடி சற்று முன்னால் டமாலென்று சாத்திக்கொண்டது. காற்று சாத்தியிருக்கும் என்று நினைத்தேன். காற்றுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது என்பது முதல் போல்ட் கிறீச்சிட்டபோதுதான் உறைத்தது.

நான் இரும்புக் கடையில் பிறந்து வளர்ந்தவன். போல்ட் முடுக்குகிற சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி. அன்றைக்கு அந்தத் தாலாட்டில் ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை.

"எண்ணுடா" என்றாள் அக்கா.

"எதை? நம்ம கடைசி மூச்சையா?"

"போல்ட்டை."

எண்ணினேன். வெளியே இருந்தவன் ஒன்றைக்கூடத் தள்ளுபடி செய்யவில்லை. இருபதையும் போட்டான்.

வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் வருவதற்குள் சொன்னால்தான் உண்டு.

எண்ணெய் சேமிக்க இரண்டு பெரிய தொட்டிகள் கட்டினார்கள். ஒரே அளவு, ஒரே காண்ட்ராக்டர், பக்கத்துப் பக்கத்து மண். எண்ணெய் ஊற்றுவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது இந்தத் தொழிலின் வழக்கம். முதல் தொட்டியில் ஊற்றினார்கள். பாதி நிறைவதற்குள் அது ஒரு பக்கமாக உட்கார்ந்தது. அடித்தகடு கிழிந்தது. வெள்ளம் பாய்ந்து, நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வெல்டரைச் சுவரோடு சேர்த்து அடித்தது. மனிதர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இரண்டு காலும் இனி உதவாது.

தவறு அஸ்திவாரத்தில் என்றார்கள். அதை வடிவமைத்த மண் இன்ஜினியர் அம்மாவைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அந்த அம்மாளின் கணவர்தான் எங்கள் கட்சிக்காரர். அதே தளத்தில் காண்ட்ராக்டரிடம் தரம் பார்க்கும் வேலை. "இன்ஷூரன்ஸ் கம்பெனியில சேதம் மதிப்பிட்டுட்டு இருந்த ஒரு அம்மா இப்ப துப்பறியறாங்களாம், அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்று மனைவி கம்பிக்குப் பின்னாலிருந்து சொன்னாராம். சொன்ன சொல் தட்டாமல் வந்து எங்களைக் கூட்டிப் போனார். அந்த அம்மா என் அக்கா. அக்காவோடு இலவச இணைப்பாக நான்.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். அங்கே மண்ணுக்கடியில் மண்ணைவிடக் கல் அதிகம். தலையளவு, பானையளவு, சில இடங்களில் ஆட்டுக்குட்டி அளவு உருண்டைக் கற்கள். அவற்றுக்கு நடுவே தொளதொளவென்று மணல். "இந்தக் கல்லுக்குள்ள தூண் இறக்க முடியாது, உடையும். ஆழமில்லாத அஸ்திவாரமே போதும், ஆனா ஒரு ஆள் ஆழத்துக்குத் தோண்டி, தலையைவிடப் பெரிய கல்லு எல்லாத்தையும் வெளிய எடுத்துடணும். ஜல்லியைப் பரப்பிப் பரப்பி ரோலர் ஓட்டணும். மேல மணல் மெத்தை. அதுக்கு மேலதான் இரும்புத் தகடு." இது அந்த அம்மாளின் வடிவமைப்பு. அப்படியே தோண்டியிருந்தால் தவறு அவருடையது. தோண்டவில்லை என்றால் தவறு வேறொருவருடையது. ஆனால் தொட்டியைத் தூக்கி அடியில் எட்டிப் பார்ப்பது எப்படி?

"கல்லை எடுக்காம விட்டா என்னக்கா ஆகும்? கல்லு பலம்தானே?" என்று காலையில் கேட்டேன்.

"உன் மெத்தைக்கு அடியில ஒரு செருப்பை வச்சுட்டுப் படுத்துப் பாரு. செருப்பும் பலம்தான்."

தளத்தில் எங்களை வரவேற்றது காண்ட்ராக்டர். அவருடைய தொண்டையை முன்னிட்டு வேலையாட்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் பீரங்கி. காதோடு ரகசியம் சொன்னாலே பக்கத்து ஊருக்குக் கேட்கும்.

"தோண்டலையா? யாரு சொன்னது? வாங்கம்மா, கண்ணால பாருங்க!" என்று ஒரு கற்குவியலுக்கு இழுத்துப் போனார். மூன்று லாரி கொள்ளும். "எல்லாம் அடியில இருந்து எடுத்தது. தோண்டுற சமயத்துல நான் வேற சைட்ல இருந்தேன். ஆனா குவியல் பொய் சொல்லுமா?" சொல்லிவிட்டு அதன் மேலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து கொண்டார். "தப்பு அந்த இன்ஜினியரம்மா கணக்குல. ரெண்டாவது டேங்க்ல இன்னிக்கே தண்ணி விடறேன். கம்பெனிக்காரனுங்க முன்னாடி நிரூபிக்கிறேன். என் தரை கல்லு மாதிரி இருக்கும்!"

"இன்னிக்கேவா?" என்றார் எங்கள் கட்சிக்காரர். "ஒரு வாரம் போகட்டுமே சார். நிதானமா..."

"நீங்களும் உங்க வீட்டம்மாவும் நிதானத்துலயே பிறந்தவங்கய்யா!"

அக்கா அதைக் காதில் வாங்காதவள் போல ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் அப்பாவிடம் கற்றது. வாங்க வந்த சரக்கை விட்டுவிட்டுப் பக்கத்துச் சரக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கல்லில் ஒரு பக்கம் வெயில் தின்று வெளுத்திருந்தது. மறுபக்கம் காய்ந்த பாசி. அதில் ஒட்டியபடி ஒரு செத்த நத்தைக் கூடு. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்த கல்லுக்கு வெயில் பட்ட பக்கம் ஏதுடா?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. இது ஆற்றிலிருந்து வந்த கல். தோண்டி எடுத்த கல்லைக் காட்டுவதற்காக யாரோ கல்லை வெளியிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். நான் எத்தனையோ கடைத்தெரு மோசடி பார்த்திருக்கிறேன். குப்பையைக் கொட்டாமல் விட்டுவிட்டு, கொட்டினதாகக் காட்ட வேறு குப்பை கொண்டுவந்த ஆளை அன்றுதான் பார்க்கப் போகிறேன்.

"பீரங்கிதானே?" என்றேன்.

"அது மேல உக்காந்திருக்காரேடா" என்றாள். அப்போது எனக்கு விளங்கவில்லை.

எங்களை இரண்டாவது தொட்டிக்கு அழைத்துப் போனவர் கட்சிக்காரர். தொட்டியின் கிழக்குப் பக்கம் நல்ல நிழல். வேலையாட்களின் வண்டிகள் எல்லாம் அங்கே வரிசையாக நின்றன. அவருடைய பைக் மட்டும் எதிர்ப்பக்கம், கொளுத்துகிற வெயிலில். சைலன்சர் ஓட்டையான வண்டி. காலையில் அதில் பின்னால் உட்கார்ந்து வந்து என் காது இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

"ஏன் சார், வெயில்ல வச்சிருக்கீங்க? சீட் கொதிக்குமே."

"பழகிடுச்சு தம்பி."

வட்ட வாசல் அருகே சுவரில் ஒரு வரிசைக் கொக்கிகள். உள்ளே போகிறவர் தன் பித்தளை வில்லையை அதில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வில்லை ஒன்று தொங்கினாலும் மூடியைத் தொடக்கூடாது. இது அங்கே வேதவாக்கு. வில்லையைப் பார்க்காமல் மூடப்போன சொந்த அக்கா மகனையே பீரங்கி வேலையைவிட்டுத் துரத்தினாராம். உள்ளே ஆள் இருக்கிறவரை வாசலில் ஒருவர் காவல் இருப்பதும் கட்டாயம். நாங்கள் இரண்டு வில்லைகளை மாட்டினோம். கட்சிக்காரர் தானே காவல் இருப்பதாகச் சொல்லி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"உள்ள என்ன மேடம் பார்க்கப் போறீங்க?"

"பார்க்கல. கேட்கப் போறேன்" என்று கைச்சுத்தியலைக் காட்டிவிட்டு அக்கா குனிந்து நுழைந்தாள்.

வெளியிலிருந்து பார்த்தால் நாலு மாடி உயரம். உள்ளே நிமிர்ந்து நின்றால் கூரைக்கும் என் தலைக்கும் நடுவே ஒரு முழம்தான். எண்ணெயின் மேல் கப்பலைப் போல மிதக்கிற இரும்புக் கூரையாம் அது. எண்ணெய் இல்லாதபோது நூற்றுக்கணக்கான குழாய்க் கால்களை ஊன்றிக்கொண்டு தாழ நிற்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் துருப்பிடித்த கால்கள், கால்களுக்குப் பின்னால் கால்கள். வெளிச்சம் வருவது கூரையில் இருந்த ஒரே ஒரு காற்றுக்குழாய் வழியாக. கை நுழையும், தலை நுழையாது.

அக்கா சுத்தியலால் தரையைத் தட்டிக்கொண்டே போனாள். டங். டங். டொம். டங். டொம், டொம். 'டங்' வந்த இடத்தில் தகட்டுக்கு முட்டுக் கொடுத்தபடி கல். 'டொம்' வந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கிழக்கே போகப் போக ஒரே டொம்.

"கல்லு எல்லாம் இங்கயேதான்டா இருக்கு! ஒண்ணையும் எடுக்கல!" என்று அவள் சந்தோஷத்தில் கத்தினாள்.

அப்போதுதான் மூடி சாத்தப்பட்டது.

வழக்கு முடிந்தது. இருபது போல்ட்டும் எண்ணியாயிற்று. இனி தண்ணீர்.

முதலில் எங்கோ தொலைவில் ஒரு டீசல் இன்ஜின் தும்மியது. பிறகு சுவரோரக் குழாய் ஒன்று ஏப்பம் விட்டது. அப்புறம் கொட்ட ஆரம்பித்தது.

"அக்கா, தண்ணி."

"தெரியுது."

"கூரை மிதக்கும்னு சொன்னாங்களே. அப்ப நாமளும் அது கூடவே மேல போயிடலாமா?"

"கூரை தண்ணி மேலயே படுத்துதான் மிதக்கும். நடுவுல இடம் விடாது. நமக்கு எடம் அது மிதக்குற வரைக்கும்தான்."

மொபைலைத் தூக்கிப் பிடித்தேன். இரும்புப் பெட்டிக்குள் சிக்னல் ஏது? காற்றுக்குழாயில் வாயை வைத்து அலறினேன். என் அலறல் நாலு மாடி உயரச் சுவர்களுக்குள் சுற்றிவிட்டு எனக்கே திரும்பி வந்தது.

"பீரங்கி நம்மள முடிச்சுட்டான்கா."

"கத்தாதே. காத்து செலவாகும். கீழ பாரு."

பார்த்தேன். தண்ணீர் தரையெங்கும் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. ஆனால் முழுவதையும் மூடவில்லை. அங்கங்கே தகடு மேடுதட்டி, காய்ந்த திட்டுகளாக நின்றது. ஒன்று பானை அளவு. ஒன்று ஆட்டுக்குட்டி அளவு. காற்றுக்குழாய் வெளிச்சத்தில் தண்ணீர் பளபளக்க, நடுவே சின்னச் சின்னத் தீவுகள். அடியில் படுத்திருந்த ஒவ்வொரு கல்லும் தன் உருவத்தைத் தானே வரைந்து காட்டிவிட்டது. கிழக்குப் பக்கம் மட்டும் தீவே இல்லை. அங்கே தகடு பள்ளமாகி, கணுக்கால் முழுகிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து அவ்வப்போது 'டொப்' என்று ஒரு சத்தம், யாரோ வெறும் பாயில் புரண்டு படுப்பது போல.

"பிரமாதமான சாட்சி. கோர்ட்டுக்கு நீந்தியே போயிடலாம்" என்றேன்.

அக்கா ஒரு குழாய்க் காலில் சாய்ந்துகொண்டாள். கொலைகாரனின் தொட்டியில் நிற்கிறவள் போல இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் போல இருந்தாள்.

"மூடினவன் ஒருத்தன். தண்ணி விட்டவன் இன்னொருத்தன்டா."

"ரெண்டு பேரா? ஒரு சாவுக்கு எதுக்குக்கா கூட்டு வியாபாரம்?"

"யோசி. இந்தத் தரை மோசம்னு தெரிஞ்சவன் இதுல தண்ணி விடுவானா? விட்டா கிழியும். முதல் டேங்க் ஒரு விபத்து. ரெண்டாவதும் கிழிஞ்சா மண்ணைத் தோண்டிப் பார்த்துடுவாங்க. அப்ப தண்ணி விடறவன் யாரு? தரை கல்லு மாதிரின்னு நிஜமாவே நம்புறவன்."

"பீரங்கி."

"அந்தக் குவியல் மேல சம்மணம் போட்டு உக்காந்தவர். பொய்ன்னு தெரிஞ்சா அதைக் காட்ட இவ்வளவு ஆசையா இழுத்துட்டுப் போவாரா? கொக்கியில வில்லை இல்ல, மூடி போட்டாச்சு, இருபது போல்ட்டும் இருக்கு. எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் இன்ஜினை ஓட்டச் சொல்லியிருப்பார்."

"அப்ப நம்ம வில்லையை எடுத்தது?"

அவள் என்னையே பார்த்தாள். வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த பைக் சீட் என் நினைவுக்கு வந்தது. நல்ல நிழல் இருக்க, எந்தப் பக்கம் கிழியும் என்று தெரிந்த ஒருவன் மட்டும்தான் வண்டியை வெயிலில் விடுவான்.

"நம்ம கட்சிக்காரரா! அக்கா, அவர்தானே நம்மள கூட்டிட்டு வந்தாரு!"

"கம்பிக்குப் பின்னாடி நிக்கிற பொண்டாட்டி சொன்னா மாட்டேன்னு எப்படிச் சொல்றது? நாம பேப்பரைப் பார்த்துட்டு, பீரங்கி மேல பழியைப் போட்டுட்டுப் போயிடுவோம்னு நினைச்சிருப்பார். சுத்தியலைப் பார்த்ததும்தான் முகம் மாறிச்சு."

"அப்ப அவர் நம்மள சாகடிக்கத்தான்..."

"பயந்தவன் நாலு போல்ட் போட்டுட்டு ஓடுவான். இவர் ஒவ்வொண்ணா இருபதும் போட்டிருக்கார். கொல்றவன் வேலை இல்லடா. போல்ட்டை முடுக்கிக்கிட்டே யோசிக்க நேரம் வாங்கியிருக்கார். இவ்வளவு சீக்கிரம் தண்ணி வரும்னு அவர் எதிர்பார்க்கல." தண்ணீர் அப்போது முழங்காலைத் தொட்டது. "உள்ள நாம மாட்டிக்கிட்டோம். வெளிய அவரு மாட்டிக்கிட்டாரு. தண்ணியை நிறுத்துங்கன்னு சொன்னா பீரங்கி ஏன்னு கேட்பாரு. சொல்லலைன்னா டேங்க் கிழியும், உள்ளயிருந்து ரெண்டு பொணம் வரும். இந்த சைட்லயே இந்தத் தண்ணி ஏறக்கூடாதுன்னு தெரிஞ்ச ஒரே ஆளு அவரு."

"அப்ப திறந்துடுவாரா?"

"அது உன் வேலை."

"என் வேலையா?"

"பேரம் பேசறதுக்குத்தானேடா உன்னைக் கூட்டிட்டுச் சுத்தறேன்."

நான் முழுகிப்போன தீவுகளை மிதித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். மூடியைச் சுத்தியலால் தட்டினேன். வாங்க வந்த சரக்கை முதலில் கேட்கக்கூடாது. கேட்டால் விலை ஏறிவிடும்.

"சார்! வெளிய வெயில் இன்னும் கொளுத்துதா?"

மறுபடியும் தட்டினேன்.

"நீங்க அங்கதான் இருக்கீங்கன்னு தெரியும் சார். போயிருந்தா உங்க சைலன்சர் சத்தம் எனக்கு இங்க வரைக்கும் கேட்டிருக்கும்."

பிறகு இரும்புக்கு அந்தப் பக்கமிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்: "நான் தண்ணி விடச் சொல்லல தம்பி. சத்தியமா நான் சொல்லல."

"தெரியும் சார். அக்காவும் அதான் சொன்னாங்க. நீங்க எங்களைத் திறந்துவிட வேணாம். நாங்க கேக்கவும் இல்ல. நிதானமா யோசிங்க." அக்கா என்னை முறைத்தாள். நான் கையைக் காட்டி அடக்கினேன். "ஒண்ணே ஒண்ணு. கிழக்குப் பக்க நிழல்ல இப்ப யாரு இருக்கா?"

"பெயிண்டர் பசங்க. சாப்பிட்டுட்டுப் படுத்திருக்காங்க."

"அவங்களை மட்டும் எழுப்பி இந்தப் பக்கம் வரச் சொல்லுங்க. அது போதும்."

"எழுப்பினா ஏன்னு கேப்பாங்களே."

"ஆமா. கேப்பாங்க."

நான் கேட்டது பெரிய விலை. கேட்டதே அவர் மறுப்பதற்காகத்தான். மறுத்த மனிதனுக்கு ஒரு கூச்சம் வரும். அந்தக் கூச்சம் ஆறுவதற்குள் சின்ன விலையைச் சொல்லிவிட வேண்டும்.

"சரி, விடுங்க சார். அது உங்களால முடியாது. மேல இருக்கிற ஒரே ஒரு போல்ட்டைத் தளர்த்துங்க. கழட்டக்கூட வேணாம். அக்காவுக்குக் கொஞ்சம் காத்து."

காத்திருந்தேன். தண்ணீர் தொடைக்கு வந்தது. வாசலின் கீழ் விளிம்பு முழுகிவிட்டது. என் வாழ்க்கையில் எத்தனையோ வாடிக்கையாளர்கள் சரக்கைத் தொடுவதா வேண்டாமா என்று யோசித்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு நேரம் யாரும் நின்றதில்லை.

கிறீச்.

"நல்ல கை சார். பக்கத்துல ஒண்ணு இருக்குமே, அதையும்தான்."

கிறீச். போல்ட்டும் வாயும் சேர்ந்தே தளர ஆரம்பித்தன.

"அவ எப்பவுமே இப்படித்தான் தம்பி. வீட்டுல கேஸை மூணு வாட்டி பார்ப்பா. கதவைப் பூட்டிட்டுப் போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பா. ஒரு ஆள் ஆழம் தோண்டணும்னு எழுதினப்ப, இதுவும் அவ பயம்தான்னு நினைச்சேன். மழை வர்ற நேரம். சீக்கிரம் முடிச்சா எனக்கு மேனேஜர் சீட்டுன்னு சொல்லியிருந்தாங்க..."

"அடுத்தது சார். பேசிக்கிட்டே கழட்டுங்க. நான் ஓடிடமாட்டேன்."

"கண்ணை மூடிக்கிட்டு விடலை தம்பி! மண்ணு தாங்குமான்னு சின்னத் தகடு ஒண்ணு வச்சுப் பார்த்தேன். லாரி பாரத்தை மேல ஏத்தி அழுத்தினேன். நூலளவுகூட இறங்கல!"

அக்கா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "தகட்டை எங்க வச்சீங்க?"

"தகடு ஆடாம உக்காரணுமே மேடம். சமமா இருந்த இடத்துல வச்சேன்."

"அந்த இடத்துல சமமா இருந்தது எது?"

ஸ்பேனர் நின்றது. இடுப்பளவு தண்ணீரில் நாங்கள் நின்றோம். பின்னால் எங்கோ 'டொப்' என்று தகடு இன்னும் கொஞ்சம் கீழே போனது.

"கல்லு" என்றார் அவர். "பெரிய கல்லு ஒண்ணு. தலை தட்டையா இருந்துச்சு."

தாம்பாளம் அகலத் தகட்டைக் கல்லின் தலையில் வைத்து அழுத்தினால், கல் எவ்வளவு தாங்கும் என்று தெரியும். கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற மணல் எவ்வளவு தாங்கும் என்று தெரியாது. ஒரு சபைக்கே பலம் இருக்கிறதா என்று பார்க்க, சபையின் பயில்வானை மட்டும் கூப்பிட்டுக் கை குலுக்கிவிட்டு வந்திருக்கிறார் மனிதர். தொழில் தெரியாதவன் தகட்டை எங்கோ ஒரு மணலில் வைத்துத் தப்பித்திருப்பான்.

"முதல் டேங்க் கிழிஞ்சப்புறம்தான் புரிஞ்சது மேடம். அப்புறம்தான் ஆத்துலருந்து கல்லை... அவ உள்ள இருக்கா. நான் சொன்னா நான் உள்ள. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"நாளைக்கு இருக்கட்டும் சார். எத்தனை ஆச்சு?" என்றேன்.

"பத்தொன்பது."

மூடி ஒரு பக்கமாக வாயைத் திறந்தது. விரல் நுழையும் இடைவெளியில் வெயில் கோடாக உள்ளே வந்தது. தண்ணீர் கத்தி போல வெளியே பாய்ந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு அழகான வெயிலை நான் பார்த்ததில்லை. இன்னும் ஒன்றுதான்.

ஆனால் ஸ்பேனர் கீழே விழுந்த சத்தம் கேட்டது. அதற்குக் காரணமும் கேட்டது.

"யார்றா அது என் தண்ணியை வெளிய விடறது!"

பீரங்கி. தொட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடிவரும் செருப்புச் சத்தம். "யோவ், நீயா? தரை கல்லு மாதிரி இருக்குன்னு எனக்குச் சொன்னதே நீதானேய்யா! அப்புறம் இடுப்பளவு தண்ணிக்கே எதுக்குய்யா திறக்கிறே?"

அக்கா நாள் முழுக்க அலைந்தும் கேட்காத கேள்வியை அவர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார்.

"அண்ணே!" என்று இடைவெளியில் வாயை வைத்துக் கத்தினேன். "உள்ள ரெண்டு பேர் இருக்கோம்!"

பீரங்கி வாயடைத்து நின்றதை அந்தத் தளம் அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டிருக்கும். பிறகு, கிட்டத்தட்ட கிசுகிசுப்பாக: "கொக்கியில வில்லை இல்லையே. பார்த்துட்டுத்தானே விட்டேன். இல்லையேம்மா..."

ஸ்பேனரை எடுத்தது அவர்தான். கடைசிப் போல்ட்டை அவர் கழற்றவில்லை, பிடுங்கினார். மூடி விலகியது. வெள்ளத்தோடு வெள்ளமாக நாங்கள் வெளியே சரிந்து, இரண்டு கெளுத்தி மீன்கள் போல அவர் காலடியில் கிடந்தோம்.

"இன்ஜினை நிறுத்துங்க. கிழக்குப் பக்கம் படுத்திருக்கிற பசங்களை எழுப்புங்க" என்றாள் அக்கா, எழுந்திருப்பதற்கு முன்னாலேயே. அவர் ஏன் என்று கேட்கவில்லை. போட்ட சத்தத்தில் பெயிண்டர்கள் எழுந்தது மட்டுமல்ல, இன்ஜினே பயந்து நின்றிருக்கும்.

பிறகு அக்கா எங்கள் கட்சிக்காரர் முன்னால் போய்க் கையை நீட்டினாள். அவர் மார்பு வரை நனைந்து, சுவரில் சாய்ந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து இரண்டு பித்தளை வில்லைகளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

பீரங்கி வில்லைகளைப் பார்த்தார். திறந்த வாசல் வழியே குனிந்து உள்ளே பார்த்தார். தண்ணீர் வடிய வடியத் தீவுகள் ஒவ்வொன்றாக மறுபடி தலை தூக்கிக்கொண்டிருந்தன. அப்புறம் திரும்பி, தூரத்தில் இருந்த தன் கற்குவியலைப் பார்த்தார். அதன் மேல் உட்கார்ந்து விட்ட சவடால் எல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்த இன்ஜினியரம்மாவை நான் என்னென்னவோ பேசிட்டேனேம்மா" என்றார். அப்போதும் அது பக்கத்து ஊருக்குக் கேட்டது.

"அதை அவங்ககிட்டயே வந்து சொல்லுங்க. போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போறோம். உங்க சத்தம் அங்க உபயோகப்படும்."

வண்டிக்கு நடக்கும்போது கட்சிக்காரர் அக்காவின் பக்கத்தில் வந்தார். ஓடுகிற எண்ணமெல்லாம் இல்லை. நடக்கிற தெம்பே இல்லை.

"மேடம். அவகிட்ட எல்லாத்தையும் நானே சொல்லிடறேன். ஆனா ஒண்ணு மட்டும் நீங்க சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டா. கடைசியில நான்தான் திறந்தேன்னு."

அக்கா புடவைத் தலைப்பைப் பிழிந்தாள். அதிலிருந்து கொட்டிய தண்ணீரைப் பார்த்தபடியே என் பக்கம் தலையசைத்தாள்.

"கணக்கு வழக்கெல்லாம் என் தம்பிகிட்ட. அவனைக் கேளுங்க."

எனக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. இருந்தாலும், கேட்ட கணக்கைச் சொல்லாமல் விட்டால் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து என்ன பிரயோஜனம்?

"வெல்டரோட காலு, உங்க வீட்டம்மா கம்பிக்குள்ள முழிச்சுக் கிடந்த ராத்திரி, அதெல்லாம் வேற பேரேடு சார். அதை நான் தொடல. இன்னிக்குக் கணக்கு மட்டும் சொல்றேன். நீங்க போட்டது இருபது. கழட்டினது பத்தொன்பது."

அவர் திரும்பித் தொட்டியின் மூடியைப் பார்த்தார்.

"ஒண்ணு பாக்கி, சார்."